ராஸ்பெர்ரி பை பூட் ஆகவில்லையா? கார்டை அழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அம்மிணி, அந்த டப்பா செத்துப் போச்சு. புதுசு ஒண்ணு எடுத்துட்டு வா." டப்பா என்று அவர்கள் சொல்வது, நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிக் கொட்டகைகளில் நான் மாட்டிக் கொடுத்திருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினி போர்டு. உள்ளே வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே இருக்கும். வெயில் ஏறினால் பண்ணைக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்பும். சித்திரை மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் அது ஓடாமல் நின்று, யாரும் கவனிக்கவும் இல்லையென்றால் போவது கோழியின் உயிர். அதனால் போன் வந்ததும் வண்டியை எடுத்துவிடுவேன். ஆனால் புது போர்டை எடுத்துக்கொண்டு ஓட மாட்டேன். செத்துப்போனது என்று சொல்லி என் கையில் கொடுத்த போர்டுகளில் உண்மையிலேயே செத்தவை மிகக் குறைவு.

போர்டு எந்த வரிசையில் எழுந்திருக்கிறதோ அந்த வரிசையிலேயே பழுதைத் தேட வேண்டும். முதலில் பவர், அடுத்தது கார்டு (நிரலும் கணக்கும் இருக்கும் மெமரி கார்டு), அதற்குப் பிறகுதான் திரையில் வரும் எழுத்து. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுந்திருக்கவில்லை என்றதும் கார்டைப் பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து எழுதிவிடுகிறார்கள். நானும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, போர்டில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுவது. சென்சார், ரிலே, மோடம், பென்டிரைவ், மேலே பொருத்திய சின்ன போர்டு எதுவும் வேண்டாம். போர்டு, கார்டு, பவர், முடிந்தால் ஒரு மானிட்டர். ஒரு சென்சாரின் ஒயர் நசுங்கிப் பவரும் கிரவுண்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலே போர்டு எழாது. கழற்றியதும் எழுந்துவிட்டால், ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பவரை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

கொட்டகை மாதிரி இடங்களுக்கு இன்னொன்று உண்டு. கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பை அரிக்கும். பின்களின் அடியில் பச்சையாகப் பூத்திருந்தால், கார்டு வாயிலும் அதே நிலைமைதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு பவர் கொடுங்கள்.

பவர்: இங்கேதான் பொறுமை வேண்டும்

"லைட் எரியுதே, அப்புறம் பவர்ல என்ன கோளாறு இருக்கும்?" என்று கேட்பார்கள். லைட் எரியக் குறைந்த வோல்டேஜே போதும். போர்டு ஓட அது போதாது. பை-யில் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் கண்டுபிடிக்கிற சர்க்யூட் ஒன்று இருக்கிறது. பை 3 பி பிளஸ் மாதிரியான போர்டுகளில் அந்த நேரத்தில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும். நிலையாக எரிய வேண்டிய சிவப்பு விளக்கு கண் சிமிட்டினால் வேறு எதையும் தேடாதீர்கள். அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள்.

போன வருஷம் ஒரு பண்ணையில் அடாப்டர் புதுசு, நல்ல அடாப்டர். ஆனால் பெட்டியை உயரத்தில் மாட்ட வேண்டும் என்று இரண்டு மீட்டர் போன் சார்ஜர் கேபிளைப் போட்டிருந்தார்கள். கேபிளின் தோலைப் பார்த்தேன். மல்லாத்திப் பிடித்தால் பொடி எழுத்தில் கேஜ் (கம்பியின் தடிமன் எண், எண் கூடினால் கம்பி மெல்லியது) அச்சடித்திருக்கும். அதில் 28 என்று மட்டும் இருந்தது. 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி, ஆக இரண்டு மீட்டர் கேபிளில் நான்கு மீட்டர் கம்பி. மொத்தம் 0.85 ஓம். போர்டு 1 ஆம்பியர் இழுத்தாலே 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். அடாப்டர் 5.1 கொடுத்தால் போர்டுக்கு வந்து சேர்வது 4.25. அதே நீளத்துக்குப் பவர் கம்பி 24 கேஜாக இருந்தால் இழப்பு 0.34 வோல்ட்தான், 4.76 வந்து சேரும். கேபிளை அரை மீட்டராகக் குறைத்து, 230 வோல்ட் ஒயரை மேலே வரைக்கும் இழுத்து, பிளக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். டப்பா எழுந்துகொண்டது.

மீட்டர் வைத்துப் பார்க்க விரும்பினால் கவனம் தேவை. 40 பின் வரிசையில் 2-ஆம் பின் 5 வோல்ட், 6-ஆம் பின் கிரவுண்ட். 2-க்குப் பக்கத்திலேயே இருக்கும் 1-ஆம் பின் 3.3 வோல்ட். மீட்டரின் முனை வழுக்கி 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துத் தொட்டால் நல்ல போர்டும் அந்த நொடியே போய்விடும். அதனால் நான் நேராகக் குத்த மாட்டேன். பவர் இல்லாதபோதே இரண்டு ஜம்பர் ஒயர்களை 2-லும் 6-லும் சொருகி, மறுமுனையில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் சுவிட்சைப் போடுவேன். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். சும்மா இருக்கும்போது 5.05 காட்டிவிட்டு, பூட் ஆகும்போது ஒரு நொடி 4.5-க்கு விழுந்து எழும் அடாப்டர்கள் உண்டு. அந்த ஒரு நொடியில்தான் போர்டு விழுகிறது. திரும்பத் திரும்ப வானவில் திரை (தொடக்கத்தில் தெரியும் பல நிறத் திரை) வந்து வந்து போவது பெரும்பாலும் இதனால்தான்.

அடாப்டர் அளவு: பை 3 பி பிளஸுக்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர், எல்லாம் 5 வோல்ட்டில். பை 5 வைத்திருப்பவர்கள் வழக்கமாக ஏமாறுவது ஒரு இடத்தில். லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் இருக்கிறதே என்று மாட்டுவார்கள். அந்த 65 வாட் 20 வோல்ட்டில் வருவது. 5 வோல்ட்டில் அது பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். கார்டிலிருந்து பூட் செய்தால் ஓடிவிடும். யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால், பை 5 பவர் போதாது என்று தானாகவே நின்றுகொள்ளும். பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் அந்த முறைக்கு மட்டும் தொடரும். இன்னொன்று, 2019-இல் வந்த முதல் பை 4 போர்டுகளில் டைப்-சி வாயின் அமைப்பில் ஒரு குறை இருந்தது. உள்ளே சிப் வைத்த விலை உயர்ந்த கேபிளைப் போட்டால் பவரே ஏறாது, சாதாரண கேபிளைப் போட்டால் ஏறும். பழைய பை 4 கையில் இருந்து விளக்கே எரியவில்லை என்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை விளக்கு சொல்லும் கணக்கு

சிவப்பு நிலையாக எரிகிறது, பச்சை அசையவே இல்லை என்றால் போர்டால் கார்டைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். பச்சை ஒழுங்கில்லாமல் படபடவென்று அடித்தால் கார்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது, நல்ல அறிகுறி. ஒரே எண்ணிக்கையில் அடித்து, நிறுத்தி, மறுபடி அதே எண்ணிக்கையில் அடித்தால் அது உங்களுக்குச் சொல்லும் செய்தி. 4 தடவை என்றால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. 7 என்றால் கர்னல், அதாவது பை-யை ஓட்டும் இயங்குதளமான லினக்ஸின் மையக் கோப்பு, கிடைக்கவில்லை. இரண்டுமே கார்டின் கோளாறு, போர்டு நன்றாக இருக்கிறது. 8 என்றால் ரேம் கோளாறு. 4 நீளமாகவும் அதைத் தொடர்ந்து 6 அல்லது 7 சின்னதாகவும் வந்தால் போர்டின் பவர் பகுதியில் பழுது. கண்ணால் எண்ணும்போது தப்பிவிடும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் பண்ணைக்காரரிடம் நான் முதலில் கேட்பது இந்த வீடியோவைத்தான்.

பை 5-இல் சிவப்பும் பச்சையும் ஒரே விளக்கு. அது சிவப்பாக மட்டும் நின்றால் போர்டு அணைந்த நிலையில் இருக்கிறது, பவர் பட்டனை அழுத்த வேண்டும்.

பை 4, பை 5 இரண்டுக்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கார்டை எடுத்துவிட்டு, மானிட்டரை மாட்டி, பவர் கொடுங்கள். இவை இரண்டும் முதல் கட்ட நிரலைக் கார்டில் வைத்திருப்பதில்லை, போர்டிலேயே ஒரு சின்ன சிப்பில் வைத்திருக்கின்றன. அதனால் கார்டு இல்லாவிட்டாலும் திரையில் எழுத்து வரும். வந்துவிட்டால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. மானிட்டரை மாட்டும்போது பை 4-இல் பவர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ வாயில் மாட்டுங்கள். மானிட்டரை முதலில் ஆன் செய்துவிட்டுப் போர்டுக்குப் பவர் கொடுங்கள். திரை கறுப்பாக இருக்கிறது என்று என்னிடம் வந்த ஒன்றிரண்டு போர்டுகளில் கோளாறு இவ்வளவுதான்.

கார்டில்லாமலும் எழுத்து வரவில்லை என்றால், அந்தச் சிப்பில் உள்ள நிரல் கெட்டிருக்கலாம். கார்டில் எழுத உதவும் ராஸ்பெர்ரி பை இமேஜர் நிரலில் பூட்லோடரை, அதாவது அந்த முதல் கட்ட நிரலை, மீட்டெடுக்கும் பகுதி உண்டு. வேறொரு சின்னக் கார்டில் அதை எழுதிப் போர்டில் போட்டால், பச்சை விளக்கு சீராக வேகமாக அடிக்கும், திரை முழுக்கப் பச்சையாகும். அத்துடன் வேலை முடிந்தது.

கார்டு

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு பண்ணையில் போர்டு எழவில்லை. கார்டை எடுத்து விண்டோஸ் லேப்டாப்பில் போட்டேன். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. சரி, கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மேட்டை அழுத்தினேன். புதிதாக எழுதி, திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டேன். அப்போதும் போர்டு எழவில்லை. கோளாறு கேபிளில் இருந்தது. கார்டில் பதினொரு மாதக் கணக்கு இருந்தது. அந்தக் கோடையில் முட்டை குறைந்தது வெயிலாலா, தீவனத்தாலா என்று பார்ப்பதற்குப் பண்ணைக்காரர் நம்பியிருந்தது அந்தக் கணக்கை. "போச்சுன்னா போகட்டும் அம்மிணி" என்று சொன்னார். எனக்கு இன்னும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெட்டி எல்லா நல்ல கார்டுக்கும் வரும். பை-யின் கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பூட் கோப்புகள் இருக்கும் சின்னப் பகுதி, அதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியும். இன்னொன்று லினக்ஸின் பெரிய பகுதி. உங்கள் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கும். அதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாததால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது. வேண்டாம் என்று மூடிவிடுங்கள். சின்னப் பகுதி திறக்கிறதா, உள்ளே கோப்புகள் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் கார்டு முழுக்கக் கெடவில்லை.

அடுத்து, எதையும் சரிசெய்வதற்கு முன்னால் கார்டை அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜரில் 'ரீட்' பட்டன் அதற்குத்தான். 'ரைட்' பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது, கை மாறிவிடக் கூடாது. லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' நிரலில் கார்டைத் தேர்ந்தெடுத்து இமேஜ் எடுக்கலாம். பாதியில் படிக்க முடியாமல் நின்றுபோனால் டிடிரெஸ்க்யூ என்ற நிரல், கெட்ட இடங்களைத் தாண்டிவிட்டு மற்றதை முதலில் எடுத்துக்கொள்ளும். 32 ஜிபி கார்டுக்கு அரைமணியோ ஒருமணியோ ஆகும். ஆகட்டும்.

நகல் கையில் வந்த பிறகு தைரியமாக வேலை செய்யலாம். கரன்ட் திடீரென்று போய்ப் போய் வரும் இடங்களில் லினக்ஸ் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றிருக்கும். லினக்ஸ் கணினியிலோ இன்னொரு பை-யிலோ ரீடர் வழியாகக் கார்டை மாட்டி, அந்தப் பகுதியைத் திறக்காமல், 'டிஸ்க்ஸ்' நிரலில் உள்ள ரிப்பேர் வசதியை ஓட்டுங்கள். கட்டளை தெரிந்தவர்கள் எஃப்எஸ்சிகே ஓட்டுவார்கள், இரண்டும் ஒன்றுதான். பல கார்டுகள் இதிலேயே எழுந்துவிடும்.

எழாமல் போனால் கார்டே தேய்ந்திருக்கலாம். தேய்ந்த கார்டு சில சமயம் விசித்திரமாக நடக்கும். ஒரு கோப்பை அழிப்பீர்கள், அழிந்த மாதிரி காட்டும். கழற்றி மாட்டினால் கோப்பு அங்கேயே இருக்கும். எழுதுவதை ஏற்காமல் பழையதையே திருப்பிக் காட்டுகிறது. அந்தக் கார்டை நகல் எடுத்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். புதுக் கார்டை வாங்கியதும், எதுவும் எழுதுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 நிரலில் முழுக்கச் சோதியுங்கள். மேலே 64 என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் நிறைய. அவை முதல் சில வாரம் நன்றாக ஓடும், நிறையும்போதுதான் பிடிபடும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். பை 3-இல் ஓடிய பழைய கார்டைப் பை 5-இல் சொருகினால் எழாது. கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 2023-இல் வந்த புக்வோர்ம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும்.

திரையில் எழுத்து வந்து நின்றால்

எழுத்து வருகிறதென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கடைசி வரிகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி மோடு என்று சொல்லி, ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டியிருக்கிறது என்று நின்றால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது பென்டிரைவ் மீது. ஒரு பண்ணையில் கணக்கின் பிரதி பென்டிரைவிலும் சேரட்டும் என்று எஃப்ஸ்டேப் கோப்பில் (எழும்போது எந்தெந்த டிஸ்க்கை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்) எழுதி வைத்திருந்தேன். வேலை செய்கிற பையன் பாட்டு ஏற்றிக்கொள்ள அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் கரன்ட் போய் வந்தபோது போர்டு ஒன்றரை நிமிடம் பென்டிரைவுக்காகக் காத்திருந்துவிட்டு, கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. தப்பு பையன் மீது இல்லை. அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று போர்டு தாண்டிப் போயிருக்கும். கார்டை இன்னொரு லினக்ஸ் கணினியில் மாட்டி அந்த வரியைத் திருத்தினால் போதும்.

கர்னல் பேனிக் என்று வந்து, ரூட் பகுதியை (லினக்ஸின் பெரிய பகுதியை) ஏற்ற முடியவில்லை என்று சொன்னால், சின்ன பூட் பகுதியில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் உள்ளது எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். திருத்தும்போது தெரியாமல் என்டர் தட்டியிருந்தால் அதுவே காரணம். சிறிய கார்டிலிருந்து பெரிய கார்டுக்குக் கோப்புகளை மட்டும் கையால் மாற்றியவர்களுக்கு, அதில் இருக்கும் பார்ட்டிஷன் அடையாள எண் பழைய கார்டுடையதாகவே நின்றிருக்கும். புதுக் கார்டின் எண்ணை அதிலும் எஃப்ஸ்டேப்பிலும் மாற்ற வேண்டும்.

மானிட்டர் கொண்டுபோக முடியாத இடங்களுக்கு, போர்டின் பின்களை லேப்டாப்பின் யூஎஸ்பியோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் ஒயர் ஒன்றை வைத்திருக்கிறேன். 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் வகை போர்டைக் கெடுத்துவிடும். பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் யுஏஆர்டியை (பின் வழியாக எழுத்து அனுப்பும் வசதியை) இயக்கும் வரியைச் சேர்த்து, 6-ஆம் பின்னில் கிரவுண்ட், 8-இல் ஒயரின் ஆர்எக்ஸ் (பெறும் முனை), 10-இல் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) மாட்டி, 115200 வேகத்தில் லேப்டாப்பில் திறந்தால், திரையில் வர வேண்டிய எழுத்தெல்லாம் அங்கே ஓடும். ஒயரின் சிவப்பு முனையை மாட்டக் கூடாது. பை 5-இல் இதற்கென்றே இரண்டு எச்டிஎம்ஐ வாய்க்கும் நடுவில் மூன்று பின் சாக்கெட் தந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, வேறு நல்ல அடாப்டர், வேறு நல்ல கார்டு போட்டும் பை 3-யோ 4-ஓ எழவில்லை என்றால், முன்பு சொன்ன மாதிரி ஜம்பர் ஒயர் வைத்து 1-ஆம் பின்னைப் பாருங்கள். 2-இல் 5 வோல்ட் இருந்து 1-இல் 3.3 இல்லை என்றால் பவர் சிப் போய்விட்டது. கார்டே இல்லாமல் சில நொடியில் நடுச் சிப் கையைச் சுடுகிறது என்றாலும் அப்படித்தான். அப்போதுதான் நான் செத்துவிட்டது என்று ஒத்துக்கொள்வேன்.

கரன்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு இப்போது நான் கொடுப்பது: 12 வோல்ட் பேட்டரியும் அதிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் கன்வெர்ட்டரும். ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலில் ஓவர்லே கோப்பமைப்பை இயக்கிவிடுகிறேன். கார்டில் எதுவும் எழுதப்படாது, எழுதுவதெல்லாம் ரேமில் நிற்கும், அணைந்தால் மறைந்துவிடும். அதனால் வெப்பக் கணக்கு அவ்வப்போது வெளியே ஒரு சர்வருக்குப் போய்விடுகிறது.

அப்புறம், ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் சோதித்து வைத்த இன்னொரு கார்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் ஒட்டி, எழுதிய தேதியைப் போட்டிருக்கிறேன். போன மாதம் இரவு பத்து மணிக்கு ஒரு கொட்டகை மேஸ்திரி போன் செய்தார். சிவப்பு நிலையாக எரிகிறது, பச்சை அசையவில்லை என்றார். பவரை அணைக்கச் சொன்னேன், பழைய கார்டைக் கழற்றிப் பத்திரமாக அதே கவரில் போடச் சொன்னேன், புதியதைச் சொருகச் சொன்னேன். "பச்சை அடிக்குதுங்கம்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் என் போனுக்குக் கொட்டகையின் வெப்பம் வந்து சேர்ந்தது: 31.4.